செலவுத்தொகை உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு: பிரிட்டன் வேலைவாய்ப்புத் தீர்ப்பாய வழக்குகளுக்கான முழுமையான வழிகாட்டி

வேலைவாய்ப்புத் தீர்ப்பாயத்தில் தோற்றவர் எதிர்தரப்பின் வழக்குச் செலவைக் கொடுத்தாக வேண்டும் என்ற பொதுவிதி பிரிட்டனில் இல்லை. செலவுத்தொகை உத்தரவு அங்கு விதிவிலக்காகவே இடப்படுகிறது. அந்த விதிவிலக்கு தம்மீது பாயும்போது, வழக்கறிஞர் இல்லாமல் வழக்கு நடத்தியவர்களில் பெரும்பாலோர் மொத்த வழக்கையும் முதலிலிருந்து மறுபடி சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு அந்தக் கதை தேவையில்லை. உத்தரவிடும் முன் கடக்க வேண்டிய படிகளைக் கீழ்த் தீர்ப்பாயம் சரியாகக் கடந்ததா, ஒவ்வொரு படியிலும் உங்களைப் பேசவிட்டதா என்ற இரண்டையே அது பார்க்கும். 1996-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புத் தீர்ப்பாயங்கள் சட்டத்தின் 21-ஆம் பிரிவு மேல்முறையீட்டைச் சட்டக் கேள்விகளோடு நிறுத்திவிடுகிறது.

இங்கே சொல்வது இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து ஆகிய மூன்றுக்கும் பொருந்தும். வடக்கு அயர்லாந்தில் தனி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் கிடையாது. அங்கு வழக்கு நேராக மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகும். 2025 ஜனவரி 6 முதல் நடைமுறையில் உள்ள 2024 நடைமுறை விதிகளின் எண்களைத் தருகிறேன். பழைய தீர்ப்புகளில் 2013 விதிகளின் எண்கள் வரும். செலவுத்தொகைப் பகுதியில் பழைய எண்ணிலிருந்து இரண்டைக் கழித்தால் புதிய எண் கிடைத்துவிடும்: பழைய 76 இப்போது 74, பழைய 84 இப்போது 82.

1. தொடங்கும் முன் மேசைமேல் இருக்க வேண்டியவை

தீர்ப்புகளும், அவற்றை உங்களுக்கு அனுப்பிய கடிதங்களும் முதலில் வேண்டும். காலக்கெடு அந்தக் கடிதங்களின் தேதியிலிருந்தே ஓடுகிறது. அடுத்து, எதிர்தரப்பு கொடுத்த செலவுத்தொகை மனுவும் செலவுப் பட்டியலும் வேண்டும். வழக்கு நடந்தபோது அவர்கள் அனுப்பிய எச்சரிக்கைக் கடிதங்கள், சமரசத் தொகை சொல்லி எழுதிய கடிதங்கள், அவற்றுக்கு நீங்கள் அனுப்பிய பதில்கள் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்குங்கள். விசாரணை நாளில் எழுதிய குறிப்புகள் இருந்தால் அவற்றைத் திருத்தாமல், அழகுபடுத்தாமல், அப்படியே வையுங்கள். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, வாடகை, கடன் ஆகியவற்றுக்கான சான்றுகளும் இதே அடுக்கில் சேர வேண்டும்.

2. எந்தத் தீர்ப்பு, எந்தத் தேதி என்று பிரித்து எழுதுதல்

வழக்கின் சாராம்சத்தைத் தீர்த்த தீர்ப்பும் செலவுத்தொகை பற்றிய தீர்ப்பும் வேறு வேறு. ஒவ்வொன்றுக்கும் தனிக் காலக்கெடு உண்டு. எதிர்தரப்பு செலவுத்தொகை கேட்பதற்கு, வழக்கை முடித்துவைத்த தீர்ப்பு அனுப்பப்பட்ட நாளிலிருந்து 28 நாள் இருக்கிறது. அந்த மனு விசாரணைக்கு வர மாதங்கள்கூட ஆகலாம். எல்லாம் முடியட்டும், சேர்த்து மேல்முறையீடு செய்யலாம் என்று காத்திருப்பவர், முதல் தீர்ப்பின் கெடுவை அதற்குள் இழந்திருப்பார். பிறகு செலவுத்தொகை மேல்முறையீட்டின் வழியாக அந்தத் தீர்ப்பைத் தாக்க முடியாது.

மேல்முறையீட்டுக்குக் கெடு 42 நாள். அனுப்பப்பட்ட நாள் கணக்கில் சேராது. புதன்கிழமை அனுப்பியிருந்தால் ஆறு வாரம் கழித்து வரும் புதன்கிழமை மாலை 4 மணிக்குள் மனு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தைச் சென்று சேர்ந்திருக்க வேண்டும். 4 மணி 5 நிமிடத்துக்குச் சேர்ந்தால் அது மறுநாள் சேர்ந்ததாகும். கடிதம் உங்கள் கைக்கு எப்போது வந்தது என்பது கணக்கில் வராது. அனுப்பப்பட்ட நாளே கணக்கு.

இந்தக் கெடுவை நீட்டுவதில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் மிகக் கண்டிப்பானது. உடல்நலக் குறைவு, சட்டம் தெரியாமை, ஆலோசகர் தாமதித்தது போன்ற காரணங்கள் பெரும்பாலும் எடுபடுவதில்லை. ஆகவே நாட்காட்டியில் 42-ஆம் நாளைக் குறிக்காமல் 35-ஆம் நாளைக் குறியுங்கள்.

இரண்டு தீர்ப்புகளையும் எதிர்ப்பதானால் இரண்டு மேல்முறையீட்டு மனுக்கள் போடுவதே பாதுகாப்பு. முதல் தீர்ப்பு கவிழ்ந்தால் அதன்மேல் நின்ற செலவுத்தொகை உத்தரவும் ஆட்டம் காணும் என்றாலும், அதற்கெதிராக மனுவே நிலுவையில் இல்லாவிட்டால் தேவையற்ற வாதத்துக்கு இடம் கொடுத்தவராவீர்கள்.

3. எழுத்துபூர்வமான காரணங்களைக் கேட்டுப் பெறுதல்

செலவுத்தொகை முடிவை நீதிபதி விசாரணை அறையிலேயே வாய்மொழியாகச் சொல்லிவிட்டு, ஒரு பக்கத் தீர்ப்பை மட்டும் பின்னர் அனுப்புவது வழக்கம். அந்தப் பக்கத்தில் தொகை இருக்கும், காரணம் இருக்காது. காரணம் இல்லாமல் சட்டப்பிழையைக் காட்ட முடியாது என்பதால் இதுவே முழு வேலைக்கும் அடித்தளம்.

விசாரணை அறையிலேயே கேட்டுவிடுவது எளிது. தவறினால், தீர்ப்பு அனுப்பப்பட்ட நாளிலிருந்து 14 நாளுக்குள் மின்னஞ்சலில் கேளுங்கள். ‘வழக்கு எண் இன்னது, இன்ன தேதியில் அனுப்பப்பட்ட செலவுத்தொகைத் தீர்ப்புக்கு எழுத்துபூர்வமான காரணங்களைக் கோருகிறேன்’ என்ற ஒரு வரி போதும். அதோடு மனக்குறைகளையும் சேர்த்து மூன்று பக்கம் எழுதினால், மறு ஆய்வு கேட்கிறீர்களா, காரணங்கள் கேட்கிறீர்களா என்று அலுவலகத்தில் குழப்பம் வரும். குழப்பத்தில் நாட்கள் போகும்.

இந்த 14 நாளுக்குள் கேட்டிருந்தால், 42 நாள் கெடு எழுத்துபூர்வமான காரணங்கள் அனுப்பப்பட்ட நாளிலிருந்து தொடங்கும். கேட்காமல் விட்டிருந்தால் தீர்ப்பு அனுப்பப்பட்ட நாளிலிருந்தே ஓடியிருக்கும். புதிதாக வருபவர்கள் அதிகம் இடறும் இடம் இதுதான்.

4. மறு ஆய்வா, மேல்முறையீடா என்று முடிவெடுத்தல்

சில பிழைகளுக்கு மேல்முறையீடு தேவையே இல்லை. செலவுப் பட்டியலைக் கூட்டியதில் தவறு, நீங்கள் உரிய நேரத்தில் அனுப்பிய பதில் நீதிபதியின் கோப்பில் சேராமல் போனது, விசாரணை அறிவிப்பு பழைய முகவரிக்குப் போனது போன்றவற்றை அதே தீர்ப்பாயத்திடமே மறு ஆய்வு மனு மூலம் சரிசெய்யக் கேட்கலாம். தீர்ப்பு அல்லது எழுத்துபூர்வமான காரணங்கள், இவற்றில் எது பிந்தி அனுப்பப்பட்டதோ அந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் மனு போட வேண்டும்.

ஆனால் மறு ஆய்வு மனு போட்டதால் 42 நாள் நிற்காது. மறு ஆய்வு முடிவு வரும்வரை காத்திருக்க யாரும் உங்களுக்கு அனுமதி தரவில்லை. இரண்டையும் இணையாக நடத்தி, மறு ஆய்வில் வெற்றி கிடைத்தால் மேல்முறையீட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.

5. பணம் வசூலிப்பதை நிறுத்திவைக்கக் கேட்டல்

மேல்முறையீடு நிலுவையில் இருக்கிறது என்பதாலேயே செலவுத்தொகை உத்தரவு உறங்கிவிடாது. எதிர்தரப்பு அதை, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கவுண்டி நீதிமன்றம் வழியாக, வசூலிக்கத் தொடங்கலாம். மேல்முறையீட்டை அனுப்பியவுடன் எதிர்தரப்பின் வழக்கறிஞருக்கு எழுதி, முடிவு வரும்வரை வசூலிக்க மாட்டோம் என்ற உறுதியைக் கேளுங்கள், பலர் ஒப்புக்கொள்வார்கள். மறுத்தால் உத்தரவை நிறுத்திவைக்கும்படி மனு செய்ய வேண்டும். பணம் கைமாறினால் திரும்பப் பெறுவது ஏன் கடினம், இப்போதே கட்ட வேண்டியிருந்தால் குடும்பத்துக்கு என்ன ஆகும் என்பதைச் சான்றுகளோடு சொல்லுங்கள்.

6. தீர்ப்பாயம் கடக்க வேண்டிய மூன்று படிகளைக் காரணங்களில் தேடுதல்

இனித்தான் உண்மையான வேலை தொடங்குகிறது. எழுத்துபூர்வமான காரணங்களை அச்செடுத்து, மூன்று வண்ணப் பேனாக்களோடு உட்காருங்கள். செலவுத்தொகை உத்தரவு மூன்று தனித்தனிக் கேள்விகளுக்கான விடைகளின்மேல் நிற்கிறது. ஒவ்வொரு பத்தியும் எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது என்று ஓரத்தில் குறிக்க வேண்டும்.

முதல் கேள்வி, வாசற்படி தாண்டப்பட்டதா என்பது. வழக்கைத் தொடுத்ததிலோ நடத்தியதிலோ ஒரு தரப்பு தொல்லை கொடுக்கும் நோக்கில், அவமதிக்கும் வகையில், விசாரணையைக் குலைக்கும் வகையில் அல்லது வேறு விதத்தில் நியாயமற்று நடந்திருக்க வேண்டும். அல்லது கோரிக்கைக்கோ எதிர்வாதத்துக்கோ வெற்றி பெற நியாயமான வாய்ப்பே இல்லாமல் இருந்திருக்க வேண்டும். தீர்ப்பாயத்தின் உத்தரவை மீறியதும், விசாரணையைக் கடைசி நேரத்தில் தள்ளிவைக்கக் கேட்டதும் தனியாக வரும்.

இரண்டாம் கேள்வி, வாசற்படி தாண்டப்பட்டிருந்தாலும் உத்தரவிடுவது தகுமா என்பது. விதி 74 ‘பரிசீலிக்க வேண்டும்’ என்கிறதே தவிர ‘உத்தரவிட்டாக வேண்டும்’ என்று சொல்லவில்லை. மூன்றாம் கேள்வி, எவ்வளவு தொகை என்பது.

அடிக்கடி காணப்படும் குறை, முதல் கேள்விக்கு விடை சொன்ன கையோடு தீர்ப்பாயம் மூன்றாவதுக்குத் தாவிவிடுவது. உங்கள் மூன்று வண்ணங்களில் நடு வண்ணம் எங்குமே இல்லையென்றால் அது உங்கள் வலுவான வாதமாக இருக்கக்கூடும். ஆனால் தலைப்பு இல்லை என்பதற்காகப் பரிசீலனை இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். நீங்கள் வழக்கறிஞர் இல்லாமல் வந்தவர் என்பது, முன்னெச்சரிக்கை இருந்ததா என்பது, எதிர்தரப்பும் தாமதம் செய்ததா என்பது ஆகியவற்றைக் காரணங்களில் எங்கேனும் எடைபோட்டிருந்தால் அதுவே இரண்டாம் படியாகக் கொள்ளப்படும்.

நடத்தையின் விளைவைப் பார்த்ததா என்பதும் முக்கியம். பார்ன்ஸ்லி கவுன்சில் தொடர்பான 2011 வழக்கில், மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கும் மேலே உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம், முழுச் சித்திரத்தையும் பார்க்க வேண்டும், எந்த நடத்தை, அதில் எது நியாயமற்றது, அதனால் என்ன விளைந்தது என்று கேட்க வேண்டும் என்றது. ஒவ்வொரு பவுண்டும் எந்தச் செயலால் செலவானது என்று காட்ட வேண்டியதில்லை. ஆனாலும் காரண காரியத் தொடர்பை முற்றாகப் புறக்கணிக்க முடியாது. அந்த வழக்கில் முதலில் முழுச் செலவுக்கும் உத்தரவு இடப்பட்டது, மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை முழுதாக நீக்கியது, கடைசியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் பாதிச் செலவு என்று முடித்தது. செலவுத்தொகையில் தீர்ப்பாயத்துக்கு அகன்ற விருப்புரிமை உண்டு, மேலிருந்து தலையிடுவது அரிது என்பதையும் அதே தீர்ப்பு நினைவூட்டுகிறது. மனு எழுதும்போது இந்த இரண்டாவது செய்தியை மறந்துவிடாதீர்கள்.

வழக்கறிஞர் இன்றி வாதாடுபவரைத் தொழில்முறை வழக்கறிஞரின் அளவுகோலால் அளக்கக் கூடாது என்பது 2012-இல் ஏ.க்யூ. லிமிடெட் வழக்கில் சொல்லப்பட்டது. அதே தீர்ப்பு, இது முழுப் பாதுகாப்புக் கவசம் ஆகாது என்றும் சேர்த்துச் சொல்கிறது. லூவிஷம் கவுன்சில் தொடர்பான 2013 வழக்கில், தாமே வாதாடிய ஒருவர் சுமார் 2,60,000 பவுண்டு என மதிப்பிடப்பட்ட செலவில் மூன்றில் ஒரு பங்கைச் செலுத்த வேண்டும் என்ற உத்தரவு நிலைத்தது. முன்கூட்டி வைப்புத்தொகை உத்தரவோ (வலுவற்ற வாதத்தைத் தொடர வேண்டுமானால் பணம் கட்டிவைக்கச் சொல்லும் உத்தரவு) எச்சரிக்கையோ இல்லை என்ற வாதம் அவரைக் காப்பாற்றவில்லை.

சமரசத் தொகையை மறுத்தீர்கள் என்பதை மட்டும் காரணமாகக் காட்டியிருந்தால் நின்று பாருங்கள். சேஃப்வே நிறுவனம் தொடர்பான 2003 தீர்ப்பின்படி, மறுத்த தொகையைவிடக் குறைவாகக் கிடைத்தது என்பது மட்டும் போதாது. அந்த மறுப்பே நியாயமற்றதாக இருக்க வேண்டும்.

கடைசியாகப் பண வசதி. விதி 82 தீர்ப்பாயம் அதைக் கருத்தில் கொள்ளலாம் என்கிறது. கொண்டே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. நீங்கள் வசதியின்மையை எழுப்பியிருந்து, அதைப் பார்த்தோம் என்றோ, இன்ன காரணத்தால் பார்க்கவில்லை என்றோ ஒரு வரிகூட இல்லாவிட்டால் வாதத்துக்கு இடமுண்டு. விசாரணையில் ஒரு காகிதமும் கொடுக்காமல் இருந்துவிட்டு, மேல்முறையீட்டில் முதன்முறையாக வங்கிக் கணக்கை நீட்டினால் பயன் இராது. இப்போது கையில் பணமில்லை என்பதும் முடிவான விடையாகாது: நாட்டிங்ஹாம் ட்ரெண்ட் பல்கலைக்கழகம் தொடர்பான 2011 வழக்கில், மிகக் குறைந்த வசதி கொண்டவர்மீது இடப்பட்ட 3,000 பவுண்டு உத்தரவை, பிற்காலத்தில் அவர் சம்பாதிக்கக்கூடும் என்ற நோக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிலைக்கவிட்டது.

தொகை 20,000 பவுண்டைத் தாண்டினால் விரிவான மதிப்பீடு நடக்க வேண்டும். அது நடக்காமல், இரு தரப்பு ஒப்புதலும் இல்லாமல் பெரிய தொகை இடப்பட்டிருந்தால் அது தெளிவான பிழை.

7. நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்ற வாதத்தைச் சோதித்தல்

‘எனக்கு நியாயம் கிடைக்கவில்லை’ என்பது தீர்ப்பின் மீதான அதிருப்தி. ‘எனக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை’ என்பது நடைமுறை மீதான குற்றச்சாட்டு. இரண்டாவதை மட்டும் இங்கே கொண்டுவாருங்கள்.

செலவுத்தொகையில் இதன் மையம் விதி 75. யார் பணம் கட்ட வேண்டுமோ அவருக்குத் தம் தரப்பைச் சொல்ல நியாயமான வாய்ப்பு கொடுக்காமல் உத்தரவிட முடியாது. அந்த வாய்ப்பு எழுத்திலோ நேரிலோ, தீர்ப்பாயம் முடிவு செய்யும் விதத்தில் அமையலாம். ஆகையால் நேர்முக விசாரணை நடக்கவில்லை என்பது மட்டும் குறையாகாது. மனு எப்போது உங்களுக்கு வந்தது, எவ்வளவு நேரம் கிடைத்தது, நேரம் கேட்டீர்களா, கேட்டதற்கு என்ன பதில் வந்தது என்ற நான்குக்கும் சான்று வேண்டும். விசாரணை நாள் குறிப்பு இப்படி இருந்தால் அது பொன்:

‘காலை 11.40: செலவுத்தொகை மனுவை இன்றே முடிக்கலாம் என்றார் நீதிபதி. பட்டியல் இன்று 9.50-க்குத்தான் மின்னஞ்சலில் வந்தது, 31 பக்கம், படிக்க ஒரு வாரம் வேண்டும் என்றேன். பதினைந்து நிமிடம் தந்தார். 11.58: மீண்டும் தொடங்கியது.’

இதில் உணர்ச்சி ஒன்றுமில்லை. நேரம், பக்கம், சொன்னது, பதில் என்ற நான்கு மட்டுமே உள்ளன. ‘நீதிபதி என்னை மதிக்கவே இல்லை’ என்று மூன்று பக்கம் எழுதுவதைவிட இந்த நான்கு வரி அதிகம் சாதிக்கும்.

ஆட்சேபத்தை அதே இடத்தில், அதே நேரத்தில் எழுப்பியிருக்க வேண்டும் என்பது பொது எதிர்பார்ப்பு. அறையில் அமைதியாக இருந்துவிட்டு, தோற்றபின் குறை சொல்பவரை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சந்தேகத்தோடு பார்க்கும். இதற்கு இளக்கமும் உண்டு. டேட்டாபல்ஸ் நிறுவனம் தொடர்பான 2003 வழக்கில், தீர்ப்பாய உறுப்பினர் ஒருவர் மது அருந்தியிருந்து விசாரணையின்போது தூங்கியதாகத் தோன்றியது. அப்போதே ஆட்சேபிக்கவில்லை என்பதற்காக விசாரணை நியாயமாகிவிடாது என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம்.

செலவுத்தொகையும் நியாயமான விசாரணையும் நேரடியாக மோதிய வழக்கு, ஷெல் நிறுவனம் தொடர்பான 2002 வழக்கு. தொடர்ந்தால் செலவுத்தொகை விழலாம் என்று தீர்ப்பாயம் எச்சரித்ததால் உரிமைகோரியவர் வழக்கைத் திரும்பப் பெற்றார். அந்த எச்சரிக்கை முறையற்ற அழுத்தமாக அமைந்துவிட்டது என்ற முடிவு மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் நிலைத்தது. எச்சரிக்கை செய்வதே தவறு என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். உத்தரவு விழ உண்மையான வாய்ப்பு இருக்கும்போது சொல்வது முறையானது, சில வேளைகளில் உதவியும்கூட. உங்களிடம் சொன்ன சொற்கள், சொன்ன கட்டம், அதன்பின் யோசிக்கக் கிடைத்த நேரம் ஆகியவற்றை எழுதிவைத்திருந்தால்தான் எது எந்தப் பக்கம் விழும் என்று பார்க்க முடியும்.

உடல்நலக் காரணத்தால் ஒத்திவைக்கக் கேட்டு மறுக்கப்பட்டிருந்தால், வாண்ட்ஸ்வொர்த் கவுன்சில் தொடர்பான 2002 தீர்ப்பைப் படியுங்கள். தம் தவறின்றி வர முடியாதவருக்கு, அவர் இல்லாமல் நியாயமான விசாரணை நடக்காது என்றால், ஒத்திவைப்பு பொதுவாகக் கிடைக்க வேண்டும். ஆனால் வர முடியாது என்பதை நிறுவும் பொறுப்பு கேட்பவருடையது. ‘வேலைக்குத் தகுதியில்லை’ என்ற மருத்துவச் சீட்டு போதாது. ‘விசாரணையில் கலந்துகொள்ளத் தகுதியில்லை’ என்று மருத்துவர் காரணத்தோடு எழுதியிருக்க வேண்டும்.

மொழி பற்றி ஒரு வார்த்தை. லண்டனில் நம்மவர்கள் பலர் அன்றாட ஆங்கிலம் வருகிறது என்பதால் மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று எழுதிவிடுகிறார்கள். குறுக்கு விசாரணையில் இரட்டை எதிர்மறைக் கேள்வி வரும்போது திணறுகிறார்கள். அந்தத் திணறல் பின்னர் ‘நழுவலான சாட்சி’ என்று காரணங்களில் பதிவாகி, செலவுத்தொகைக்கும் அடிப்படையாகிவிடும். தீர்ப்பாயமே ஏற்பாடு செய்யும் மொழிபெயர்ப்பாளரைத் தொடக்கத்திலேயே கேளுங்கள். கேட்காதவர் மேல்முறையீட்டில் இதை எழுப்புவது கடினம்.

விசாரணையை அனுமதியின்றிக் கைபேசியில் பதிவு செய்யாதீர்கள். 1981-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அது நீதிமன்ற அவமதிப்பு. அதிகாரபூர்வப் பதிவு இருக்கிறதா என்று தீர்ப்பாய அலுவலகத்திடம் கேட்டு, எழுத்துவடிவத்துக்கு மனு செய்யும் வழி உண்டு.

8. பாரபட்சக் குற்றச்சாட்டை வைப்பதா என்று இருமுறை யோசித்தல்

நீதிபதி ஒருதலைப்பட்சமாக இருந்தார் என்ற வரி ஏறத்தாழ எல்லா முதல் வரைவுகளிலும் வருகிறது. ஏறத்தாழ எல்லாவற்றிலிருந்தும் அதை நீக்கச் சொல்கிறேன். 2001-இல் பிரபுக்கள் அவை (அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றம்) போர்ட்டர் எதிர் மகில் வழக்கில் வகுத்த அளவுகோல் இது: விவரம் அறிந்த நடுநிலையான ஒருவர், தீர்ப்பாயம் பாரபட்சமாக இருக்க உண்மையான வாய்ப்பு இருந்தது என்று முடிவு செய்வாரா? கடுமையாகப் பேசியது, குறுக்கிட்டது, உங்கள் மனுக்களை அடுத்தடுத்து நிராகரித்தது ஆகியவை இந்த அளவை எட்டுவது அரிது.

வைப்பதாக முடிவு செய்தால், என்ன நடந்தது என்பதைச் சத்தியப் பிரமாணத்தோடோ கையொப்பமிட்ட சாட்சி அறிக்கையாகவோ தரவேண்டி வரும். அது கீழ்த் தீர்ப்பாய நீதிபதிக்கும் உறுப்பினர்களுக்கும் அனுப்பப்பட்டு அவர்கள் கருத்து கேட்கப்படும். இத்தகைய குற்றச்சாட்டு தோற்றால் அதுவே புதிய செலவுத்தொகை உத்தரவுக்கு வழிவகுக்கலாம் என்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் நடைமுறை வழிகாட்டுதல்களிலேயே எச்சரிக்கை உண்டு. ஒரு செலவுத்தொகையை நீக்க வந்தவர் இரண்டாவதைச் சுமந்துகொண்டு போகும் வழி இதுதான். பதில் சொல்லும் வாய்ப்பு தரவில்லை என்ற வாதம் உங்களிடம் இருந்தால், அதனருகில் பாரபட்சத்தை வைக்காதீர்கள். வலுவான வாதத்தின் தெளிவையும் அது கெடுத்துவிடும்.

9. மேல்முறையீட்டுக் காரணங்களை எழுதுதல்

ஒவ்வொரு காரணமும் ஒரு பத்தி. ஒரு பத்தியில் ஒரு பிழை. எந்தப் பத்தியில் தீர்ப்பாயம் என்ன செய்தது, சட்டம் என்ன கேட்கிறது, அதனால் முடிவு எப்படிப் பாதிக்கப்பட்டது என்ற வரிசையில் எழுதுங்கள்.

எடுபடாத வடிவம்: ‘நான் நேர்மையாகத்தான் வழக்கு தொடுத்தேன். என் மேலாளர் பொய் சொன்னார். 18,400 பவுண்டு கட்டச் சொன்னது அநியாயம்.’

எடுபடக்கூடிய வடிவம்: ‘பத்தி 14-இல் என் நடத்தை நியாயமற்றது என்று கண்ட தீர்ப்பாயம், பத்தி 15-இல் 18,400 பவுண்டு செலுத்த உத்தரவிட்டது. உத்தரவிடுவது தகுமா என்ற கேள்வியையும், நான் வழக்கறிஞர் இன்றி வாதாடியதையும், மார்ச் 3-ஆம் தேதி எழுத்தில் அளித்த வருமான விவரத்தையும் எங்கும் பரிசீலிக்கவில்லை. விதி 74 கேட்கும் இரண்டாம் படி இதனால் விடுபட்டது.’

காரணங்கள் போதவில்லை என்ற வாதம் வைத்தால், ஏன் தோற்றோம் என்று தரப்பினர் புரிந்துகொள்ளும் அளவுக்குக் காரணம் வேண்டும் என்ற 1987-ஆம் ஆண்டு பர்மிங்ஹாம் கவுன்சில் வழக்கின் அளவுகோலைப் பயன்படுத்துங்கள். இதற்கு விடையாக மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் கீழ்த் தீர்ப்பாயத்திடம் காரணங்களை விரித்து எழுதச் சொல்லலாம். விரித்து எழுதியபின் குறை மறைந்துவிடவும் கூடும். எந்த நியாயமான தீர்ப்பாயமும் இந்த முடிவுக்கு வந்திருக்காது என்ற வாதத்தைக் கடைசியில் வையுங்கள். அதற்கு மிகப் பெரும் வலு வேண்டும். நான்கு நல்ல காரணங்கள் உள்ள மனு, பதினேழு காரணங்கள் உள்ள மனுவைவிட எளிதில் உள்ளே செல்லும்.

10. தாக்கல் செய்தலும் முதற்கட்டச் சல்லடையும்

மேல்முறையீட்டுப் படிவம், எதிர்க்கும் தீர்ப்பு, எழுத்துபூர்வமான காரணங்கள் ஆகியவை கெடுவுக்குள் முழுதாகச் சேர வேண்டும். ஒரு பக்கம் விடுபட்டதால் மனு செல்லாமல் போன காலம் நீண்டது. 2023 செப்டம்பர் 30 முதல் ஆவணங்களில் ஏற்பட்ட சிறு பிழையைத் திருத்தினால் கெடுவை நீட்டும் அதிகாரம் வந்திருக்கிறது என்றாலும், அது தீர்ப்பாயத்தின் விருப்பம், உங்கள் உரிமையன்று. மின்வழித் தாக்கல் செய்தபின் ஒவ்வொரு கோப்பையும் திறந்து பக்கம் எண்ணுங்கள். கட்டணம் ஏதுமில்லை.

பிறகு நீதிபதி ஒருவர் மனுவைக் காகிதத்தில் படித்துச் சலிப்பார். நியாயமான அடிப்படை இல்லை என்று கண்டால் காரணத்தோடு கடிதம் வரும். 28 நாளுக்குள், மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் சொந்த விதிகளில் உள்ள விதி 3(10)-இன் கீழ் விசாரணை கேட்கலாம். முற்றிலும் தகுதியற்றது என்று குறித்திருந்தால் அந்த வழியும் இல்லை. அந்த விசாரணையில் எதிர்தரப்பு வாதாடாது. எலாஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இலவச ஆலோசனைத் திட்டத்தின் வழக்கறிஞர் அன்று உங்களுக்காகப் பேசக் கிடைக்கலாம். அவர் உங்கள் காரணங்களைத் திருத்தி எழுத விரும்பினால் பிடிவாதம் பிடிக்காதீர்கள். சல்லடையைத் தாண்டும் மனுக்களில் பல அப்படித் திருத்தப்பட்டவையே.

11. மேல்முறையீட்டிலேயே செலவுத்தொகை விழாமல் பார்த்துக்கொள்ளுதல்

மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கென்று தனி விதி உண்டு: 34ஏ. தேவையற்ற, முறையற்ற, தொல்லை தரும் அல்லது தவறாக வழிநடத்தும் மேல்முறையீடும், நியாயமற்ற தாமதமும் நடத்தையும் இதில் அடங்கும். எதிர்தரப்பு, இறுதி உத்தரவிலிருந்து 14 நாளுக்குள் கேட்க வேண்டும். அங்கும் உங்களுக்குப் பதில் சொல்லும் வாய்ப்பு தரப்பட வேண்டும்.

சல்லடையைத் தாண்டிய காரணத்தோடு நின்றுகொள்வது முதல் பாதுகாப்பு. நிராகரிக்கப்பட்ட காரணங்களை வாதச் சுருக்கத்தில் மறுபடி நுழைப்பது ஆபத்து. வெல்லாது என்று தெரிந்தால் விசாரணைக்கு முன்னால் நன்றாகத் தள்ளியே திரும்பப் பெறுங்கள். எதிர்தரப்பு தொகையைக் குறைத்துத் தவணையில் ஏற்கிறோம் என்று எழுதினால் பதிலளிக்காமல் விடாதீர்கள். ஏற்காவிட்டாலும் காரணத்தோடு மறுத்து எழுதுங்கள்.

12. வென்றால் அடுத்து என்ன

ஒரே ஒரு விடைதான் சாத்தியம் என்றால் தவிர, மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தன் முடிவைக் கீழ்த் தீர்ப்பாயத்தின் முடிவுக்குப் பதிலாக வைக்காது. செலவுத்தொகை மனுவை மறுபடி விசாரிக்கத் திருப்பி அனுப்பும். அதே நீதிபதியிடமா, வேறொருவரிடமா என்பது முடிவாகும் தருணத்தில் உங்கள் கருத்தையும் கேட்பார்கள். விசாரணை நியாயமற்றது என்பதே வெற்றிக்குக் காரணமானால் வேறு தீர்ப்பாயம் கேட்பது இயல்பு, இரண்டாம் படி விடுபட்டது மட்டுமே காரணமானால் வழக்கை அறிந்த அதே நீதிபதியிடம் விரைவாகவும் செலவு குறைவாகவும் முடியும்.

திருப்பி அனுப்பப்பட்ட விசாரணைக்கு அன்றைய தேதியிலான வருமான விவரத்தைப் புதிதாகத் தயாரிக்க வேண்டும். முதல் விசாரணையில் கொடுத்த பழைய சம்பளச் சீட்டோடு போகாதீர்கள். மாத வரவு, மாதச் செலவு, கடன், சேமிப்பு, வீட்டில் உங்கள் பங்கு, வேலை தேடும் நிலை ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, கீழே கையொப்பமிட்டு, சான்றுகளை எண்ணிட்டு இணைத்து, குறைந்தது ஒரு வாரம் முன்னதாகத் தீர்ப்பாயத்துக்கும் எதிர்தரப்புக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள்.